மே மாதத்தில் நின்றுபோன டிரைவ்: கிளவுட் சேவையைத் தேர்ந்தெடுக்க ஒரு நிகழ்வு ஆய்வு

2023 நவம்பர் பிற்பகுதியில் தென் கொரியாவில் ஒருவர் தன் கூகுள் டிரைவைத் திறந்தார். உள்ளே எல்லாம் மே மாதத்தில் இருந்தபடியே இருந்தது. அதற்குப் பிறகு சேர்த்த ஃபைல்களைக் காணோம். ஃபோல்டர்களின் அமைப்புகூடப் பழைய நிலைக்குத் திரும்பியிருந்தது. யாராவது அழித்திருந்தால் டிரைவின் செயல்பாட்டுப் பதிவில் தெரிந்திருக்க வேண்டும். அதிலும் ஒன்றும் இல்லை. அவர் கூகுளின் உதவிப் பக்கத்தில் விஷயத்தை எழுதிவைக்க, "எனக்கும் இதே கதைதான்" என்று இன்னும் பலர் வந்து சேர்ந்தார்கள்.

சில நாட்களில் கூகுள் பதில் சொன்னது. கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்ளும் 'டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்' செயலியின் 84ஆம் பதிப்பில் சிக்கல் இருக்கிறது, பாதிக்கப்பட்டவர்கள் குறைந்த எண்ணிக்கையினர்தான், ஆராய்ந்துகொண்டிருக்கிறோம் என்றது. கூடவே இரண்டு எச்சரிக்கைகள். செயலியில் 'டிஸ்கனெக்ட் அக்கவுன்ட்' பொத்தானை அழுத்தாதீர்கள். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 'டிரைவ்எஃப்எஸ்' என்ற ஃபோல்டரை அழிக்கவோ நகர்த்தவோ செய்யாதீர்கள். இடம் இருந்தால் அதை ஒரு பிரதி எடுத்து வையுங்கள்.

இந்த இரண்டாவது எச்சரிக்கையைக் கொஞ்சம் நிறுத்திப் படிக்க வேண்டும். காணாமல் போனது கிளவுடில், அதாவது கூகுளின் சர்வரில், இருப்பதாக நினைத்த ஃபைல். தேடச் சொன்ன இடமோ அவரவர் மேசையில் இருக்கும் ஹார்டு டிஸ்க். அப்படியென்றால் அந்த ஃபைல்கள் கூகுளின் சர்வரை எட்டவே இல்லை என்றுதான் அர்த்தம்.

டிசம்பரில் வந்த 85ஆம் பதிப்பு அதை உறுதிப்படுத்தியது. ஷிஃப்ட் விசையை அழுத்திக்கொண்டு செட்டிங்ஸ் சின்னத்தைக் கிளிக் செய்தால் மட்டும் 'ரிகவர் ஃப்ரம் பேக்கப்ஸ்' என்றொரு வரி தெரியும். சாதாரணமாகக் கிளிக் செய்தால் தெரியாது. அதைத் தேர்ந்தெடுத்தால், சிங்க் ஆகாமல், அதாவது சர்வருக்குப் போய்ச் சேராமல், கிடந்த ஃபைல்களைப் பொறுக்கியெடுத்து டெஸ்க்டாப்பில் ஒரு புதிய ஃபோல்டராகப் போடும். சிலருக்கு ஃபைல்கள் திரும்பின. சிலருக்கு அந்த ஃபோல்டர் வந்தும் பயனில்லை. மீட்கும் வழியை விளக்கிய பக்கத்தில், ஏன் இப்படி ஆயிற்று என்ற விளக்கம் இல்லை.

எந்த கிளவுட் சேவையை வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது இந்தச் சம்பவத்தைத்தான். கூகுளை வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. எத்தனை ஜிபி, மாதம் எவ்வளவு என்ற கணக்கைத் தாண்டிக் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது: நான் ஒரு ஃபைலைச் சேமித்த நொடியில் அது எங்கே இருக்கிறது?

ஜி டிரைவுக்குள் என்ன இருக்கிறது

கூகுளின் டெஸ்க்டாப் செயலியில் இரண்டு விதமான அமைப்பு உண்டு. 'மிரர்' என்றால் உங்கள் ஃபைல்கள் எல்லாம் ஹார்டு டிஸ்க்கில் சாதாரண ஃபோல்டரில் முழுசாக இருக்கும். அதன் பிரதி சர்வரிலும் இருக்கும். 'ஸ்ட்ரீம்' என்றால் விண்டோஸில் ஜி என்ற எழுத்தில் ஒரு டிரைவ் தோன்றும். அது நிஜ டிஸ்க் அல்ல. பட்டியல் முழுவதும் தெரியும், ஃபைலைத் திறக்கும்போதுதான் சர்வரிலிருந்து இறங்கும். 256 ஜிபி டிஸ்க் உள்ள லேப்டாப்பில் 1 டிபி ஃபைல்களை வைத்திருப்பதுபோல் காட்ட இதுதான் வழி. அதனால்தான் பலருக்கும் பிடித்திருக்கிறது.

ஆனால் ஸ்ட்ரீம் அமைப்பில் புதிதாக ஒரு ஃபைலைச் சேமிக்கும்போது என்ன நடக்கிறது என்று பாருங்கள். அது முதலில் டிரைவ்எஃப்எஸ் ஃபோல்டருக்குள் உள்ள தற்காலிகக் கிடங்குக்குப் போகிறது. அந்த ஃபோல்டர் எங்கோ ஆப்டேட்டா என்ற விண்டோஸின் மறைவு ஃபோல்டருக்குள் கிடக்கும். ஒருமுறை திறந்து பார்த்தால் விஷயம் புரியும்: உங்கள் ஃபைலின் பெயர் அங்கே இருக்காது, டாக்ஸ், பிடிஎஃப், ஜேபெக் என்ற வால்கூட இருக்காது. வெறும் எண்கள்தான் வரிசையாக இருக்கும். எந்த எண் எந்த ஃபைல் என்பது பக்கத்தில் ஒரு எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் எழுதப்பட்டிருக்கும். கோயில் வாசலில் செருப்பை விட்டுவிட்டு டோக்கன் வாங்குவது மாதிரி. பதிவேடு தொலைந்தால் செருப்பு அங்கேயே இருந்தாலும் யாருடையது எது என்று தெரியாது.

பின்னணியில் அந்த ஃபைல் சர்வருக்கு ஏற வேண்டும். ஏறி முடியும்வரை உலகத்தில் அதற்கு ஒரே பிரதிதான். இணையம் போனால், கணக்கு லாகவுட் ஆனால், ஒதுக்கிய இடம் நிரம்பினால், அல்லது செயலிக்குள்ளேயே ஏதோ கோளாறானால் ஏற்றம் நின்றுவிடும். நீங்கள் ஜி டிரைவைத் திறந்து பார்த்தால் ஃபைல் அங்கேயே இருக்கும், திறக்கும், திருத்தலாம், மறுபடி சேமிக்கலாம். எல்லாம் அந்தக் கிடங்கிலிருந்தே நடக்கிறது. கிளவுடில் இருக்கிறது என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் வேலை செய்துகொண்டே இருக்கலாம். ஒரு நாள் செயலி தன் கிடங்கைத் துடைத்துவிட்டு சர்வரில் உள்ளதை மட்டும் காட்டினால் மே மாதம்தான் தெரியும்.

மிரர் அமைப்பில் ஏற்றம் நின்றிருந்தாலும் ஃபைல் ஹார்டு டிஸ்க்கில் தன் பெயரோடு, தன் ஃபோல்டரில், சாதாரண ஃபைலாகவே இருக்கும். செயலியை நீக்கினாலும் இருக்கும். பென் டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போகலாம். இந்த ஒரு வித்தியாசத்துக்காக 512 ஜிபிக்குப் பதில் 1 டிபி டிஸ்க் வாங்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

முன்பும் நடந்தது

கூகுளை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. 2014 அக்டோபரில் டிராப்பாக்ஸ் தன் பயனர்களில் சிலருக்கு மன்னிப்புக் கடிதம் அனுப்பியது. 'செலெக்டிவ் சிங்க்' என்ற வசதியில் கோளாறு. எல்லா ஃபோல்டரும் இந்தக் கம்ப்யூட்டருக்கு வேண்டாம், சிலது மட்டும் போதும் என்று தேர்ந்தெடுக்கும் வசதி அது. பழைய பதிப்புச் செயலியில் அந்த அமைப்பை மாற்றிக்கொண்டிருக்கும்போது செயலி நின்றாலோ கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆனாலோ, 'இங்கே வேண்டாம்' என்பதை 'எங்கேயும் வேண்டாம்' என்று எடுத்துக்கொண்டு சர்வரிலும் அழித்திருக்கிறது. முடிந்ததை மீட்டுக்கொடுத்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு ஓராண்டு கட்டணச் சேவையை இலவசமாகக் கொடுத்தார்கள். இரண்டு வருடத்துப் புகைப்படத்தைப் பறிகொடுத்தவருக்கு அந்த இலவசத்தால் என்ன பயன், அது வேறு விஷயம்.

2018 அக்டோபர் 2 அன்று வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு இதே இடத்தில் வேறு மாதிரி தடுக்கி விழுந்தது. டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் போன்ற ஃபோல்டர்களை இருந்த இடத்திலிருந்து வேறு டிரைவுக்கோ மைக்ரோசாஃப்டின் கிளவுடான ஒன்டிரைவுக்கோ திருப்பிவிட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுடைய பழைய ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும், இரட்டிப்பு எதற்கு என்று அப்டேட் அதைத் துடைத்தது. பலருக்கு அது காலியாக இல்லை. திருப்பிவிட்ட பிறகும் பழைய ஃபைல்கள் அங்கேயே தங்கியிருந்தன. மைக்ரோசாஃப்ட் சில நாட்களில் அப்டேட்டை நிறுத்தி, நவம்பர் 13 அன்று திருத்தி மறுபடி வெளியிட்டது. இதில் கடுப்பேற்றும் சங்கதி, முன்னோட்டப் பதிப்பைச் சோதித்தவர்கள் இதே புகாரை முன்னரே பதிவு செய்திருந்தார்கள். ஆயிரம் புகார்களில் அது அடியில் போய்விட்டது.

மூன்று நிறுவனம், மூன்று வெவ்வேறு வருடம். மூன்றிலும் உடைந்தது ஒரே இடம்: ஃபைல் இங்கே இருக்கிறதா, அங்கே இருக்கிறதா என்பதைச் செயலி தீர்மானிக்கும் இடம். முழுப் பிரதி ஒன்று இங்கே, ஒன்று அங்கே என்று இருக்கும்போது செயலி தவறு செய்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம். பாதி இங்கே பாதி அங்கே என்று டிஸ்க் இடத்தை மிச்சம் பிடிக்கும் வசதியில்தான் ஆபத்து அதிகம். விளம்பரத்தில் முதல் வரியில் வருவதும் அந்த வசதிதான்.

எல்லாம் அங்கே மட்டும் இருந்தால்?

பாதிப் பாதிதானே சிக்கல், முழுக்க சர்வரிலேயே வைத்துவிட்டால் என்ன என்று கேட்கலாம். கொரியாவிலேயே அதற்கும் பதில் கிடைத்தது. 2025 செப்டம்பர் 26 இரவு டேஜோன் நகரில் உள்ள தேசியத் தகவல் வள மையத்தில் தீப்பிடித்தது. யுபிஎஸ்ஸின் லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்த நேரம். தீயில் நேரடியாக அழிந்த 96 அமைப்புகளில் ஒன்று அரசு ஊழியர்களின் ஜி-டிரைவ். கூகுளுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இது அரசே நடத்திய கிளவுட். ஒவ்வொருவருக்கும் 30 ஜிபி. அலுவலக ஃபைல்களைச் சொந்தக் கம்ப்யூட்டரில் வைக்காமல் இதில்தான் வைக்க வேண்டும் என்று 2018 முதலே வழிகாட்டுதல் இருந்தது.

மொத்தம் 858 டிபி. வேறு இடத்தில் பிரதி இல்லை. கொள்ளளவு பெரிது, வேகம் குறைவு, அதனால் வெளி பேக்கப் எடுக்க முடியவில்லை என்று விளக்கம் சொன்னார்கள். கட்டளையை ஒழுங்காகக் கடைப்பிடித்து எல்லாவற்றையும் ஜி-டிரைவில் வைத்த பணியாளர் நிர்வாக அமைச்சகத்துக்குத்தான் அடி பலமாக விழுந்தது. மற்ற இடங்களில், சொன்ன பேச்சைக் கேட்காமல் தன் கம்ப்யூட்டரிலும் ஒரு பிரதி வைத்திருந்த ஊழியர்கள் தப்பித்தார்கள். ஒப்புதல் பெற்ற இறுதி ஆவணங்கள் வேறொரு அமைப்பில் தனியே சேமிக்கப்பட்டிருந்ததால் அரசாங்கம் ஒரேயடியாக நினைவிழக்கவில்லை.

கூகுளோ மைக்ரோசாஃப்டோ ஒரே கட்டடத்தில் எல்லாவற்றையும் வைப்பதில்லை. தீ விபத்தில் உங்கள் ஃபைல் போகாது. ஆனால் அங்கே வேறு விதமான பூட்டு உண்டு. 2022 ஆகஸ்டில் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் ஒரு செய்தி வந்தது. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு தந்தை, மருத்துவ ஆலோசனைக்காகத் தன் குழந்தையின் உடல் பகுதியைப் படமெடுத்திருக்கிறார். கூகுளின் தானியங்கிச் சோதனை அதைக் குற்றமாகக் கருதிக் கணக்கை முடக்கியது. போலீஸ் விசாரித்துக் குற்றமில்லை என்று சொன்ன பிறகும் கணக்கு திரும்பவில்லை. மெயில், போட்டோ, தொடர்பு எண்கள் எல்லாம் ஒரே கணக்கில் இருந்தன. சர்வர் பத்திரமாகத்தான் இருந்தது, சாவிதான் இல்லை.

சேவைகளை வரிசையாக வைத்துப் பார்த்தால்

இப்போது அதே கேள்வியோடு கடைக்குள் போவோம். இலவச அளவு எல்லாருக்கும் தெரிந்ததுதான்: கூகுளில் 15 ஜிபி, ஒன்டிரைவிலும் ஆப்பிளின் ஐகிளவுடிலும் 5, டிராப்பாக்ஸில் 2. இதை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். கூகுளின் 15 ஜிபியில் ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு கேட்கும். நிரம்பினால் டிரைவ் மட்டுமல்ல, மெயில் வருவதும் நின்றுவிடும். வேலைக்கு விண்ணப்பித்துவிட்டு மெயிலுக்குக் காத்திருப்பவர் இந்த நிலையில் மாட்டினால் யாரிடம் போய்ச் சொல்வது?

அளவில்லாத இடம் என்ற வாக்குறுதியையும் தள்ளுபடி செய்யுங்கள். ஒன்டிரைவ் 2014இல் கொடுத்தது, 2015 நவம்பரில் சிலர் 75 டிபி வரை நிரப்பிவிட்டார்கள் என்று சொல்லித் திரும்ப வாங்கிக்கொண்டது. அமேசான் டிரைவ் 2017இல் கைவிட்டது. 2023 கடைசி நாளோடு அந்தச் சேவையே மூடப்பட்டது. கூகுள் போட்டோஸ் 2021 ஜூனில் நிறுத்தியது. டிராப்பாக்ஸ் நிறுவனங்களுக்கான திட்டத்தில் 2023 ஆகஸ்டில் நிறுத்தியது. இனி யார் கொடுத்தாலும் இரண்டு வருடம் பார்க்கலாம்.

ஒன்டிரைவில் விஷயம் சின்னங்களில் இருக்கிறது. ஃபைலுக்குப் பக்கத்தில் நீல மேகம் இருந்தால் அது இங்கே இல்லை, பெயர் மட்டும்தான். வெள்ளை வட்டத்தில் பச்சை டிக் இருந்தால் இப்போதைக்கு இங்கே இருக்கிறது. டிஸ்க் நிரம்பினால் விண்டோஸ் அதைத் திரும்ப மேகமாக்கலாம். முழுப் பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் இருந்தால்தான் நிரந்தரமாக இங்கே இருக்கும். ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுத்தால் மூன்றாவது நிலை வரும். வேலை ஃபோல்டர்களுக்கு அதைக் கொடுத்துவிடுங்கள். ஃபைலின் மாறிய பகுதியை மட்டும் ஏற்றும் திறமை ஒன்டிரைவுக்கும் டிராப்பாக்ஸுக்கும் உண்டு. பெரிய வடிவமைப்பு ஃபைலில் ஒரு வரியைத் திருத்திச் சேமிப்பவருக்கு மெதுவான இணையத்தில் இதன் அருமை தெரியும்.

ஒன்டிரைவில் எனக்குப் பிடிக்காத பழக்கம் ஒன்று. புது விண்டோஸ் லேப்டாப்பை மைக்ரோசாஃப்ட் கணக்கோடு தொடங்கினால், டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றையும் பேக்கப் என்ற பெயரில் தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொள்ளும். 5 ஜிபி சில நாளில் நிரம்பும், பணம் கட்டச் சொல்லும். எரிச்சலில் பேக்கப்பை நிறுத்தினால், பல பதிப்புகளில் டெஸ்க்டாப் காலியாகிவிடும்; நடுவில் 'வேர் ஆர் மை ஃபைல்ஸ்' என்றொரு ஷார்ட்கட் மட்டும் நிற்கும். பதற வேண்டாம். ஃபைல்கள் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் உள்ள டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரில் இருக்கும். அங்கிருந்து கைப்பட எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தக் காட்சியைப் பார்த்துப் பயந்து, சிஸ்டம் ரெஸ்டோர் அது இது என்று இறங்கிக் காரியத்தைக் கெடுத்துக்கொண்டவர்கள் உண்டு.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஐகிளவுடின் 'ஆப்டிமைஸ் மேக் ஸ்டோரேஜ்' இதே பாதிப் பாதி ஆட்டம்தான். எந்த ஃபைல் இங்கே தங்கும் என்று ஆப்பிளே முடிவு செய்யும். 2024இல் வந்த மேக்ஓஎஸ் செக்கோயா பதிப்பில்தான், குறிப்பிட்ட ஃபோல்டரை மட்டும் 'கீப் டவுன்லோடட்' என்று நிறுத்திவைக்கும் வசதி வந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் இருப்பவர்கள் டிஸ்க்கில் இடமிருந்தால் ஆப்டிமைஸை அணைத்துவிடுவதே மேல்.

லினக்ஸில் தேர்வு சுருங்கிவிடும். கூகுளும் மைக்ரோசாஃப்டும் தங்கள் சிங்க் செயலியை லினக்ஸுக்குக் கொடுக்கவில்லை. டிராப்பாக்ஸ் கொடுக்கிறது. சொந்தமாக ஏற்பாடு செய்துகொள்ளத் தெரிந்தவர்களுக்கு சிங்க்திங் நல்ல கருவி: இரண்டு கம்ப்யூட்டர்களுக்கு இடையே நேரடியாக சிங்க் ஆகும், நடுவில் யாருடைய கிளவுடும் இல்லை, இரண்டிலும் முழுப் பிரதி. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் திருடன் வந்தால் இரண்டும் போகும், அவ்வளவுதான்.

ரகசியம் பற்றிச் சுருக்கமாக. கூகுள், மைக்ரோசாஃப்ட், டிராப்பாக்ஸ் மூவரின் தனிநபர் சேவையிலும் ஃபைலைத் திறந்து படிக்கும் சாவி அவர்களிடமும் இருக்கிறது. 2011 ஜூனில் டிராப்பாக்ஸில் சுமார் நான்கு மணி நேரம் எந்தப் பாஸ்வேர்டைப் போட்டாலும் எந்தக் கணக்கும் திறந்த கதை நடந்தது. ஆதார் நகல், சொத்துப் பத்திரம், வாடிக்கையாளரின் கணக்கு போன்றவற்றை கிரிப்டோமேட்டர் மாதிரி ஃபைலைப் பாஸ்வேர்டால் பூட்டும் செயலி ஒன்றில் பூட்டி, அந்தப் பெட்டியை எந்த டிரைவில் வேண்டுமானாலும் வையுங்கள். அந்தப் பாஸ்வேர்டை மறந்தால் மீட்டுத்தர யாரும் இல்லை என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள். முழுக்கப் பூட்டியே வேலை செய்யும் சேவை வேண்டுமென்றால் புரோட்டான் டிரைவ் இருக்கிறது.

பணம் கட்டும் முன்

விலைப் பட்டியலைப் பார்ப்பதற்கு முன் உங்கள் ஃபோல்டரின் அளவையும் வீட்டு இணையத்தின் ஏற்ற வேகத்தையும் பாருங்கள். விளம்பரத்தில் வருவது பெரும்பாலும் இறக்க வேகம். 200 ஜிபியை நொடிக்கு 20 மெகாபிட் வேகத்தில் ஏற்ற, இடைவிடாமல் ஓடினாலும் 22 மணி நேரத்துக்கு மேல் ஆகும். 5 மெகாபிட்டில் கிட்டத்தட்ட நான்கு நாள். ஒரு நாளைக்கு 2 ஜிபி என்ற மொபைல் பிளானை ஹாட்ஸ்பாட்டாக வைத்திருப்பவருக்கு 100 நாள், அதுவும் வேறு எதுவும் பார்க்காமல் இருந்தால். ஸ்ட்ரீம் அமைப்பு இப்படிப்பட்ட இணைப்பில் இரட்டை வம்பு: 300 எம்பி ஃபைலைத் திறந்து பார்ப்பதற்கே டேட்டா கரையும், திருத்திய ஃபைலோ ஏறாமல் வரிசையில் நிற்கும். 2023இல் கொரியாவில் நடந்தது நம் ஊர்ப் பவர்கட்டில் இன்னும் சுலபமாக நடக்கும்.

அடுத்து, சேவையை ஒரு வாரம் இலவச அளவிலேயே வைத்துத் துன்புறுத்திப் பாருங்கள். வைஃபையை அணைத்துவிட்டு ஒரு ஃபைலைத் திருத்துங்கள். ஏறிக்கொண்டிருக்கும்போது லேப்டாப்பை மூடுங்கள். ஒரே ஃபைலை இரண்டு கம்ப்யூட்டரில் ஒரே நேரத்தில் திருத்துங்கள். நல்ல சேவை இரண்டையும் வைத்துக்கொண்டு ஒன்றின் பெயரில் அடையாளம் சேர்க்கும். டிராப்பாக்ஸ் 'கான்ஃபிளிக்டட் காப்பி' என்று தேதியோடு எழுதும், ஒன்டிரைவ் கம்ப்யூட்டரின் பெயரைச் சேர்க்கும். பிறகு ஒரு ஃபோல்டரை அழித்துவிட்டு மீட்டெடுங்கள். கடைசியாக, வேறொரு கம்ப்யூட்டரில் அல்லது போனில் பிரவுசர் வழியாக உள்ளே போய், இன்று காலை சேமித்த ஃபைல் அங்கே இருக்கிறதா என்று பாருங்கள். இதை மட்டும் வாடிக்கையாக்கிக்கொள்ளலாம். ஜி டிரைவைத் திறந்து பார்ப்பது சோதனை ஆகாது. அது தன் கிடங்கையே உங்களுக்குக் காட்டும். மே மாதத்திலேயே பிரவுசரில் எட்டிப் பார்த்திருந்தால் ஏற்றம் நின்றது அப்போதே தெரிந்திருக்கும்.

சிங்க் ஃபோல்டரில் வைக்கக் கூடாதவையும் உண்டு. கணக்கெழுதும் டேலியின் தரவு ஃபோல்டர், அவுட்லுக் மெயில்களைச் சேர்த்துவைக்கும் பிஎஸ்டி ஃபைல், புகைப்படச் செயலியான லைட்ரூமின் கேட்டலாக் போன்றவை திறந்திருக்கும்போதே ஓயாமல் மாறிக்கொண்டிருக்கும் ஃபைல்கள். சிங்க் செயலி பாதி எழுதிய நிலையில் ஒன்றையும் முழுசாக எழுதிய நிலையில் இன்னொன்றையும் ஏற்றினால் தரவு கெட்டுப்போகும். ஆடிட்டர் அலுவலகங்களில் டேலி ஃபோல்டரை அப்படியே டிரைவில் போட்டு இரண்டு பேர் இரண்டு இடத்திலிருந்து திறக்கும் வழக்கம் இருக்கிறது. வேண்டாம். தரவு தன் இடத்தில் இருக்கட்டும். டேலியிலேயே பேக்கப் எடுத்து அந்த பேக்கப் ஃபைலை மட்டும் சிங்க் ஃபோல்டரில் போடுங்கள்.

தமிழில் பெயர் வைப்பவர்களுக்கு இன்னொன்று. விண்டோஸில் நீளமான தமிழ்ப் பெயர் வைத்தால் ஏற்றுக்கொள்ளும். அதே ஃபைல் லினக்ஸ் கம்ப்யூட்டருக்கோ, வீட்டு நெட்வொர்க்கில் ஃபைல்களைச் சேமிக்கும் என்ஏஎஸ் பெட்டிக்கோ, சொந்த சர்வரில் போட்டுக்கொள்ளும் நெக்ஸ்ட்கிளவுடுக்கோ போகும்போது நிற்கலாம். அங்கே பெயருக்கு 255 பைட்தான். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட்; புள்ளியும் கொம்பும் தனித்தனியாக எண்ணப்படும். 'திருமணம்' என்ற ஒரு சொல்லுக்கே 24 பைட் போய்விடும். அழைப்பிதழின் முழு வாசகத்தையும் ஃபைல் பெயராக வைக்கும் அச்சகங்கள் இதில் மாட்டும். ஆங்கிலப் பெயர் ஃபைல்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருக்க, தமிழ்ப் பெயர் மட்டும் சிவப்புக் குறியோடு நின்றால் முதலில் பெயரின் நீளத்தைப் பாருங்கள்.

சரி, எதை வாங்குவது? ஆஃபீஸ் தேவைப்படும் வீடாக இருந்தால் மைக்ரோசாஃப்டின் குடும்பத் திட்டம் லாபம்: ஆறு பேர் வரை ஆளுக்கு 1 டிபி, ஆஃபீஸும் சேர்ந்து வரும். ஆண்ட்ராய்டு போனும் ஜிமெயிலுமாக வாழ்பவர் கூகுளிலேயே இருக்கலாம். டெஸ்க்டாப் செயலியில் மட்டும் மிரரைத் தேர்ந்தெடுங்கள். பெரிய ஃபைல்களை அடிக்கடி திருத்துபவர், லினக்ஸும் விண்டோஸும் கலந்து பயன்படுத்துபவர் டிராப்பாக்ஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. எதை எடுத்தாலும் முழுப் பிரதி கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், அந்தக் கம்ப்யூட்டரிலிருந்து ஒரு வெளி ஹார்டு டிஸ்க்குக்கு வாரம் ஒருமுறை பேக்கப் போக வேண்டும். இந்த வெளி டிஸ்க் ஏன் என்றால், அழித்த ஃபைலைத் திரும்ப எடுக்க மூன்று நிறுவனங்களும் தனிநபர்களுக்குக் கொடுக்கும் அவகாசம் பொதுவாக 30 நாள். மே மாதம் போனதை நவம்பரில் கவனிப்பவருக்கு அது உதவாது. சிங்க் என்பது அழித்தலையும் விசுவாசமாக எல்லாக் கம்ப்யூட்டருக்கும் கொண்டுபோய்ச் சேர்க்கும்.

ஃபைல்கள் டிஸ்க்கை விடப் பெரிதாக இருந்தால்? நடப்பு வேலையை மட்டும் முழுப் பிரதியாக வையுங்கள். முடிந்துபோன வேலைகளை இரண்டு வெளி டிஸ்க்குகளில் போட்டு, ஒன்றைத் தம்பி வீட்டிலோ மாமா வீட்டிலோ வைத்துவிடுங்கள். பழைய கல்யாண வீடியோ எல்லாவற்றையும் ஸ்ட்ரீமில் தொங்கவிட வேண்டிய அவசியம் இல்லை.

மிரரைத் தேர்ந்தெடுத்தவர்களும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூகுள் டாக்ஸ், ஷீட்ஸில் எழுதியவை மிரரிலும் இறங்குவதில்லை. டிஸ்க்கில் ஜிடாக் என்ற வாலோடு ஒரு குட்டி ஃபைல் தெரியும். நோட்பேடில் திறந்தால் உள்ளே உங்கள் எழுத்து ஒன்றும் இருக்காது, சர்வரில் அது எங்கே இருக்கிறது என்ற அடையாளம் மட்டும் இருக்கும். கணக்கு பூட்டப்பட்டால் அந்தக் குட்டி ஃபைலால் பயனில்லை. இவற்றை வேர்டு, எக்செல் வடிவில் இறக்கிக்கொள்ள கூகுள் டேக்அவுட்டில் வழி இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தானாக எடுக்கும்படியும் வைக்கலாம். எடுத்து முடித்ததும் மெயிலில் லிங்க் வரும், அதற்குக் காலக்கெடு உண்டு, அதற்குள் இறக்கி வெளி டிஸ்க்கில் போட்டுவிடுங்கள். ஓராண்டு ஆனதும் அந்த ஏற்பாடு தானாகவே நின்றுவிடும். மறுபடி போய் வைக்க வேண்டும்.